பாதீட்டுப் பொறுப்பும் முகாமையாளரும் – வைத்தியசாலை விடுதி ஒன்றின் ஊடாக ஒரு விளக்கம்

க.பொ.த (சா/த) – வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும்
துணைப்பாடம்: திட்டமிடலும் கட்டுப்படுத்தலும்

1. அறிமுகம்



பாதீடு பற்றிக் கற்பிக்கும்போது எனது வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார்: "சேர், பாதீட்டிலை காசு மிச்சம் வந்தால் முகாமையாளர் கெட்டிக்காரர். கூடச் செலவழிச்சால் சரியில்லாதவர். அவ்வளவுதானே?"

பலர் பரீட்சையிலும் இதையே எழுதிவிட்டு வருகின்றார்கள். இது அரைகுறையான விடை. ஏன் அரைகுறை என்பதை விளங்கிக்கொள்வதற்காகவே இப்பாடம்.

வழமையாகப் பாதீட்டுக்கு உதாரணமாக பிஸ்கற் தொழிற்சாலையை எடுப்போம். அங்கு செலவு குறைந்தால் இலாபம் கூடும். கணக்கு இலகுவானது. ஆனால் வைத்தியசாலையில் செலவுக்கு மறுபக்கத்தில் இருப்பது இலாபம் அல்ல, கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி. ஆகவே பாதீட்டுப் பொறுப்பு ஒரு மனிதருக்கு எப்படிப்பட்ட சுமையாக அமைகின்றது என்பதை வைத்தியசாலையில்தான் தெளிவாகக் காணலாம்.

2. முதலில் அறியவேண்டிய பதங்கள்

பாதீடு: எதிர்வரும் குறித்த காலத்துக்குரிய திட்டத்தைப் பண அளவில் காட்டும் கூற்று.

முரண்: பாதீட்டுத் தொகைக்கும் உண்மைத் தொகைக்கும் இடையிலான வேறுபாடு. செலவு, பாதீட்டை விடக் குறைந்தால் சாதகமான முரண். கூடினால் பாதகமான முரண்.

கட்டுப்படுத்தக்கூடிய கிரயம்: குறித்த முகாமையாளர் தனது தீர்மானத்தினால் கூட்டவோ குறைக்கவோ கூடிய கிரயம்.

கட்டுப்படுத்த முடியாத கிரயம்: அவரது பெயரில் பதியப்பட்டாலும் வேறொருவரின் தீர்மானத்தினால் அல்லது சூழலினால் ஏற்படும் கிரயம்.

பொறுப்பு, அதிகாரம்: ஒரு வேலையை நிறைவேற்றும் கடமை பொறுப்பு. அதற்குரிய தீர்மானங்களை எடுக்கும் உரிமை அதிகாரம். ஹென்றி பயோல் 1916இல் வெளியிட்ட 14 முகாமைத்துவக் கோட்பாடுகளுள் இது ஒன்று. அதிகாரம் உள்ள இடத்தில் பொறுப்பும் இருக்க வேண்டும். அதேபோல் பொறுப்பைக் கொடுத்தால் அதற்கேற்ற அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி வசனத்தின் கீழ் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாடம் முழுவதும் அதைச் சுற்றியே செல்லும்.

3. இங்கிலாந்தின் அனுபவம்

வைத்தியசாலைப் பிரிவுகளின் தலைவர்களிடம் பாதீட்டுப் பொறுப்பை ஒப்படைத்ததற்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். அங்கு 1948 யூலை 5ஆந் திகதி தேசிய சுகாதார சேவை ஆரம்பிக்கப்பட்டது. நமது நாட்டைப் போலவே நோயாளி பணம் கொடுக்காமல் சிகிச்சை பெறலாம். செலவை அரசாங்கம் வரிப்பணத்தில் இருந்து கொடுக்கின்றது.

1974இன் மறுசீரமைப்பின் பின்னர் அங்கு குழு முறையே நிலவியது. வைத்தியர், தாதி, நிருவாகி, நிதி அலுவலர் முதலியோர் ஒன்றுகூடி அனைவரும் இணங்கினால் மட்டுமே தீர்மானம் நிறைவேறும். இதில் ஒரு குறை இருந்தது. எல்லோரும் பொறுப்பு என்றால் ஒருவருமே பொறுப்பில்லை என்ற நிலை வந்துவிடும்.

1983இல் அரசாங்கம் றோய் கிரிபித்ஸ் என்பவரிடம் இதனை ஆராயும்படி கேட்டது. அவர் சேன்ஸ்பரி என்ற சுப்பர் மார்க்கட் நிறுவனத்தின் முகாமைப் பணிப்பாளர். ஒவ்வொரு மட்டத்திலும் பொறுப்பான ஒரு பொது முகாமையாளர் வேண்டும் எனவும், செலவைத் தீர்மானிக்கும் வைத்தியர்கள் பாதீட்டிலும் பங்குகொள்ள வேண்டும் எனவும் அவர் சிபார்சு செய்தார். இதன் நியாயம் எளிது. எந்த மருந்து, எந்தப் பரிசோதனை, எத்தனை நாள் தங்குதல் என்பவற்றை எழுதுவது வைத்தியரின் பேனா. பணத்தைச் செலவழிப்பதும் அந்தப் பேனாதான்.

1985இல் இலண்டனில் உள்ள கைஸ் வைத்தியசாலை தனது சேவைகளைப் பல பிரிவுகளாக ஒழுங்கமைத்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வைத்தியர் தலைவரானார். தாதிய முகாமையாளர் ஒருவரும் வணிக முகாமையாளர் ஒருவரும் அவருக்குத் துணையாக இருந்தனர். பிரிவுக்கெனப் பாதீடு வழங்கப்பட்டது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இருந்த முறையே இதற்கு முன்மாதிரி. 1986இல் வள முகாமைத்துவத் திட்டம் என்ற பெயரில் கைஸ் உட்பட 6 வைத்தியசாலைகளில் இம்முறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவி, நோயாளர் விடுதி வரைக்கும் பாதீடு இறங்கி வந்தது. நாம் 'வாட் சிஸ்ரர்' என அழைக்கும் தாதிக்கு நிகரானவர் அங்கு விடுதி முகாமையாளர் ஆனார். இனி அவரைப் பார்ப்போம்.

4. விடுதி முகாமையாளரின் நிலை

விடுதி முகாமையாளர் அனேகமாக அனுபவம் வாய்ந்த தாதி. நோயாளியைப் பராமரிக்கப் பயின்றவர். கணக்கீடு படித்து இப்பதவிக்கு வந்தவர் அல்லர். பதவி உயர்ந்ததும் சாவிக்கொத்துடன் பாதீடும் கைக்கு வருகின்றது.

ஒரு சந்தர்ப்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பிற்பகல் 4 மணி. இரவுக் கடமைக்கு வரவேண்டிய இரண்டு தாதியர் சுகவீனம் என அறிவிக்கின்றனர். விடுதியில் 28 நோயாளர்கள். முகாமையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. முகவர் நிலையம் ஒன்றின் ஊடாகத் தாதியரை வரவழைக்கலாம். ஆனால் அவர்களுக்குரிய கட்டணம் நிரந்தரத் தாதியரின் சம்பளத்தை விடக் கூடியது. அல்லது இருக்கும் தாதியருடன் இரவைச் சமாளிக்கலாம். செலவு குறையும். ஆனால் நோயாளி மணியை அடிக்கும்போது ஓடிவர ஆள் இருக்காது.

முதல் வழியைத் தெரிவு செய்தால் மாத இறுதியில் கணக்காளரின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். இரண்டாவது வழியைத் தெரிவு செய்தால் தனது மனச்சாட்சிக்கு விடை சொல்ல வேண்டும். தாதி என்ற முகமும் முகாமையாளர் என்ற முகமும் ஒருவரிடமே மோதும் இடம் இதுதான்.

இன்னொரு சிரமமும் உண்டு. மாதாந்த அறிக்கை மாதம் முடிந்த பின்னரே கைக்கு வரும். அவர் அதை வாசிக்கும்போது பணம் ஏற்கனவே செலவாகி இருக்கும். அடுத்த மாதமும் பாதி ஓடியிருக்கும்.

5. ஒரு மாத அறிக்கை

பின்வருவது கற்பனையான ஒரு விடுதியின் ஒரு மாத அறிக்கை. தொகைகள் பவுணில் தரப்பட்டுள்ளன.

நிரந்தரத் தாதியர் சம்பளம்: பாதீடு 90,000, உண்மை 78,000, முரண் 12,000 சாதகம்
முகவர் நிலையத் தாதியர்: பாதீடு 4,000, உண்மை 23,000, முரண் 19,000 பாதகம்
மருந்து வகைகள்: பாதீடு 9,000, உண்மை 10,500, முரண் 1,500 பாதகம்
கையுறை, பண்டேஜ் போன்றவை: பாதீடு 5,000, உண்மை 4,500, முரண் 500 சாதகம்
மொத்தம்: பாதீடு 108,000, உண்மை 116,000, முரண் 8,000 பாதகம்

மேலதிகத் தகவல்கள்:
அ. விடுதியில் 4 தாதியர் வெற்றிடங்கள் உள்ளன. அவற்றை நிரப்ப மேலிட அனுமதி தேவை. செலவைக் குறைக்கும் நோக்கில் அவ்வனுமதி தாமதிக்கப்பட்டுள்ளது.
ஆ. பாதீடு 150 நோயாளர்களுக்கெனத் தயாரிக்கப்பட்டது. உண்மையில் 180 பேர் அனுமதிக்கப்பட்டனர்.

அறிக்கையின் கடைசி வரியை மட்டும் பார்த்தால் 8,000 பவுண் மிகைச்செலவு. பாதீட்டில் ஏறத்தாழ 7.4 சதவீதம். "முகாமையாளர் சரியில்லாதவர்" என்று எழுதத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

(i) தாதியர் செலவு
நிரந்தரத் தாதியர் வரியில் 12,000 சாதகம் தெரிகின்றது. இது சிக்கனம் அல்ல, 4 பேர் இல்லாத வெறுமை. அவர்கள் செய்யவேண்டிய வேலையை முகவர் நிலையத் தாதியர் செய்ததால் அடுத்த வரியில் 19,000 பாதகம். இரண்டையும் சேர்த்தால் தாதியர் செலவு 7,000 பாதகம். வெற்றிடத்தை நிரப்பாமல் மிச்சம்பிடிக்க முயன்றதே செலவைக் கூட்டியுள்ளது. அந்தத் தீர்மானத்தை எடுத்தவர் மேலிடத்தில் இருப்பவர். முரண் பதியப்பட்டதோ விடுதி முகாமையாளரின் பெயரில்.

சம்பள அளவையும் அவரால் மாற்ற முடியாது. அங்கு தாதியரின் சம்பளப் படிநிலைகள் தேசிய மட்டத்தில் நிர்ணயிக்கப்படுகின்றன. முகவர் நிலையச் செலவு நாடெங்கும் பெரும் பிரச்சினையாகியதால் 2015இல் அக்கட்டணங்களுக்கு அரசாங்கம் உச்ச எல்லை விதித்தது. ஆகவே இது ஒரு தனி விடுதியின் கவனக்குறைவால் மட்டும் வரும் பிரச்சினை அல்ல.

(ii) மருந்துச் செலவு
150 நோயாளருக்கு 9,000 என்றால் ஒருவருக்கு 60 பவுண். 180 நோயாளருக்கு 60 × 180 = 10,800 பவுண் செலவாகி இருக்க வேண்டும். உண்மைச் செலவு 10,500. அதாவது 300 சாதகம்!

உண்மையில் நடந்த செயற்பாட்டு அளவுக்கேற்பத் திருத்தி அமைக்கப்படும் பாதீடு நெகிழ்வான பாதீடு எனப்படும். நிலையான பாதீட்டில் பிழையாகத் தெரிந்தது நெகிழ்வான பாதீட்டில் திறமையாகத் தெரிகின்றது. எண் மாறவில்லை. ஒப்பிடும் அடிப்படைதான் மாறியது.

(iii) கையுறை, பண்டேஜ்
5,000 ÷ 150 × 180 = 6,000 பவுண் செலவாகி இருக்கலாம். உண்மை 4,500. ஆகவே 1,500 சாதகம். கைதட்டலாமா? இங்கும் பொறுங்கள். நோயாளர் கூடியிருக்கும்போது கையுறைச் செலவு குறைந்தது எப்படி? வீண்விரயம் தவிர்க்கப்பட்டதா? முந்திய மாத இருப்பு பாவிக்கப்பட்டதா? அல்லது மாற்றவேண்டிய நேரத்தில் கையுறை மாற்றப்படவில்லையா? முதலாவது பாராட்டுக்குரியது. மூன்றாவது தொற்றுநோயை வரவழைக்கும். அறிக்கையில் மூன்றும் ஒரே எண்ணாகவே தெரியும். விடுதியில் நடந்து பார்த்தால்தான் வேறுபாடு புரியும்.

6. அவரால் எதைக் கட்டுப்படுத்த முடியும்?

"எல்லாம் மற்றவர்களின் கையில்" என்று சொல்லித் தப்பவும் முடியாது. விடுதி முகாமையாளர் கட்டுப்படுத்தக்கூடியவை:

• கடமை நிரலை முன்கூட்டியே தயாரித்து, கடைசி நேர முகவர் நிலைய அழைப்புகளைக் குறைத்தல்.
• எல்லோரும் ஒரே காலத்தில் விடுமுறை எடுக்காதவாறு திட்டமிடல்.
• இருப்பைக் கவனித்து, காலாவதித் திகதி நெருங்கியவற்றை முதலில் பாவித்தல்.
• உபகரணங்களைப் பேணி, திருத்தச் செலவைக் குறைத்தல்.
• செலவைக் கூட்டும் காரணங்களை எழுத்தில் மேலிடத்துக்கு அறிவித்தல்.

கட்டுப்படுத்த முடியாதவை: சம்பள அளவு, மருந்தின் விலை, வைத்தியர் எழுதும் மருந்து, வரும் நோயாளரின் எண்ணிக்கை, வெற்றிடங்களை நிரப்பும் அனுமதி.

முதற் பட்டியல் சிறிய தொகைகளையும் இரண்டாம் பட்டியல் பெரிய தொகைகளையும் கொண்டிருப்பதைக் கவனித்தீர்களா? பொறுப்பு முழுவதும் தன்னுடையது, அதிகாரமோ ஒரு பகுதிதான் என்ற உணர்வு இவ்வாறுதான் உருவாகின்றது.

அதேவேளை பாதீட்டுப் பொறுப்பினால் நன்மையும் உண்டு. மிச்சம்பிடித்த பணத்தில் ஒரு பகுதியைத் தனது விடுதிக்குத் தேவையான உபகரணத்துக்கு மாற்ற அனுமதி கிடைத்தால், ஒவ்வொன்றுக்கும் மேலிடத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு எது தேவை என்பதை அருகில் இருப்பவரே நன்கறிவார். அதிகாரமும் சேர்ந்து வந்தால் பாதீடு பாரமாக இராது, கருவியாகும்.

7. எண் மட்டுமே நோக்கமானால்

இங்கிலாந்தின் ஸ்டபோர்ட் நகர வைத்தியசாலையில் நடந்தது இதற்குப் பெரும் பாடம். அதனை நடத்திய மிட் ஸ்டபோர்ட்சயர் நிறுவனம் 2006/07 நிதியாண்டில் 10 மில்லியன் பவுண் சேமிக்கும் இலக்கை வகுத்தது. 150இற்கு மேற்பட்ட பதவிகள் குறைக்கப்பட்டன. நிதி நிலைமை சீரானதாகக் காட்டப்பட்டு, 2008இல் கூடிய சுயாதீனமுள்ள நிறுவனமாகவும் அது தரமுயர்த்தப்பட்டது. ஆனால் விடுதிகளில் தாதியர் போதவில்லை. நோயாளர்களுக்கு உணவு ஊட்டவும், தண்ணீர் கொடுக்கவும், மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்லவும் ஆளில்லாத நிலை காணப்பட்டது. நோயாளரின் உறவினர்கள் விடாது போராடினர். சட்டத்தரணி றொபேர்ட் பிரான்சிஸ் தலைமையில் விசாரணைகள் நடைபெற்றன. 2013 பெப்ரவரி 6ஆந் திகதி வெளியான அறிக்கை 290 சிபார்சுகளை முன்வைத்தது. நிதி இலக்குகளுக்கு முதலிடம் கொடுத்தமையால் நோயாளர் பராமரிப்பு பின்தள்ளப்பட்டதை அது சுட்டிக்காட்டியது.

இப்போது வகுப்பில் எழுந்த கேள்வியை மீண்டும் நினையுங்கள். ஸ்டபோர்டில் சம்பளச் செலவைக் குறைத்தது தாளில் சேமிப்பு. கட்டிலில் கிடந்தவருக்கு அது ஒரு கோப்பை தண்ணீர் கிடைக்காத இரவு.

8. நமது நாட்டில்

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலை விடுதிக்குப் பொறுப்பான தாதி பொதுவாகத் தனிப் பாதீட்டைக் கையாள்வதில்லை. போதனா வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழும் வேறு பல வைத்தியசாலைகள் மாகாண சபைகளின் கீழும் இயங்குகின்றன. சம்பளம் அரசாங்கச் சுற்றறிக்கைகளின்படி அமைகின்றது. மருந்துகளை அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு விநியோகிக்கின்றது. நிதியாண்டு சனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை. இங்கிலாந்தில் அது ஏப்பிரல் 1 முதல் மார்ச் 31 வரை ஆகும்.

ஆயினும் வளப் பொறுப்பு நமது தாதியருக்கும் உண்டு. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இருந்ததைப் பங்கிட்டுச் சமாளிக்க வேண்டிய நிலை விடுதிகளிலும் ஏற்பட்டது. எந்த விடுதியின் சிக்கனத்தாலும் டொலரைக் கொண்டுவர முடியாது. கட்டுப்படுத்த முடியாத காரணி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

9. நினைவிற் கொள்க

• முரண் ஒரு கேள்வி. அது தீர்ப்பு அல்ல.
• முகாமையாளரை மதிப்பிடும்போது அவர் கட்டுப்படுத்தக்கூடிய கிரயங்களை வைத்தே மதிப்பிட வேண்டும்.
• செயற்பாட்டு அளவு மாறினால் நெகிழ்வான பாதீட்டுடன் ஒப்பிடுக.
• பாதகமான முரணுக்கு மட்டுமல்ல, சாதகமான முரணுக்கும் காரணம் கேட்க வேண்டும்.
• பொறுப்புக்கு ஏற்ற அதிகாரம் வழங்கப்பட வேண்டும்.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா: "சாதகமான முரண் எப்போதும் சிறந்த முகாமைத்துவத்தைக் காட்டுகின்றது." இக்கூற்றை உதாரணத்துடன் ஆராய்க. (06 புள்ளிகள்)

விடை: இக்கூற்றை முழுமையாக ஏற்க முடியாது. வீண்விரயத்தைத் தவிர்த்தல், சிறந்த திட்டமிடல் என்பவற்றால் செலவு குறைந்தால் சாதகமான முரண் திறமையைக் காட்டும். ஆனால் செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் விடுவதாலும் செலவு குறையலாம். உதாரணமாக, தாதியர் வெற்றிடங்களை நிரப்பாவிடின் சம்பளச் செலவில் சாதகமான முரண் தோன்றும். எனினும் முகவர் நிலையக் கட்டணம் கூடலாம், அல்லது சேவையின் தரம் குறையலாம். எனவே முரணின் காரணத்தையும் சேவையின் தரத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. பாதீட்டு முரண் என்றால் என்ன? (02 புள்ளிகள்)
2. விடுதி முகாமையாளர் ஒருவர் கட்டுப்படுத்தக்கூடிய கிரயங்கள் இரண்டும் கட்டுப்படுத்த முடியாத கிரயங்கள் இரண்டும் தருக. (04 புள்ளிகள்)
3. ஓர் ஆய்வுகூடம் 400 இரத்தப் பரிசோதனைகளுக்கு ரூபா 80,000 பாதீடு செய்தது. செலவு முழுவதும் மாறும் கிரயம் எனக் கொள்க. உண்மையில் 500 பரிசோதனைகள் செய்யப்பட்டன. உண்மைச் செலவு ரூபா 95,000. நிலையான பாதீட்டின்படியும் நெகிழ்வான பாதீட்டின்படியும் முரணைக் கணிக்குக. ஆய்வுகூடப் பொறுப்பாளர் பற்றி உமது கருத்தைத் தருக. (06 புள்ளிகள்)

(3ஆம் வினாவின் விடை: நிலையான பாதீட்டின்படி ரூபா 15,000 பாதகம். நெகிழ்வான பாதீடு ரூபா 100,000. அதன்படி ரூபா 5,000 சாதகம். கருத்தை நீங்களே எழுதுங்கள். எழுதும்போது "ஏன் குறைந்தது?" என்ற கேள்வியையும் மறக்காமல் சேருங்கள். புள்ளி அங்கேதான் இருக்கின்றது.)